வெளிப்படை

பிஷ்கெக் பல்கலைக்கழகக் கணிதத் துறையின் கருத்தரங்கில் ஜானில் என்பவள் கரும்பலகையோடு ஒட்டி நிற்கிறாள். பல வருட உழைப்பில் வந்த நிரூபணம். ‘இது வெளிப்படை’ என்று தான் எழுதிய வரியில்தான் ஓட்டை என்பது இப்போதுதான் கண்ணில் படுகிறது. அந்த வரியை முதுகால் மறைத்திருக்கிறாள். ஜன்னல் வெயில் முகத்தில் அடிக்கிறது. மூலையில் தேநீர்க் கொதிகலனான சமோவார் சீறுகிறது. சுடச்சுட இறைச்சிச் சம்சா பலகாரத்தின் வாசனையில் யாருக்கோ வயிறு இரைகிறது. “கொஞ்சம் தள்ளும்மா, மறைக்குது,” என்கிறார் துறைத்தலைவர் தோக்தோசுன். “அது வெளிப்படைதானே அண்ணே.” “அப்புறம் எதுக்கும்மா மறைக்கிறே?” எல்லோரும் சிரிக்கிறார்கள். அவளும் சிரித்தபடி, முதுகை அழுத்தித் தேய்த்து நகர்கிறாள். பலகையில் வெறும் வெள்ளைத் தீற்றல். அடுத்த வரியை எழுதத் திரும்புகிறாள். “இப்பத்தான் வெளிப்படையாத் தெரியுது,” என்கிறார் அவர், அவளுடைய கறுப்புக் கோட்டின் முதுகில் அப்பியிருக்கும் சாக்பீஸ் தூளைப் பார்த்தபடி.