செந்நாரைகள் எழும்பின

எழும்பாதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்க.

ராசம்மா மனசுக்குள் கெஞ்சியது செந்நாரைகளிடம். மகாவலி வெள்ளம் வடிந்த சமவெளியில், தூரத்து நாணலை ஒட்டி ஒரு கூட்டம் நின்றது. முதலை வந்தால் அவை ஒதுங்கும். யானை வந்தால் நகரும். ஆள் வந்தால்தான் மொத்தமாக எழும்பும்.

எழும்பின.

தோட்டத் துரை தூரக்கண்ணாடியைத் தூக்கினார். பறவை பார்க்கப் புறப்பட்டால், தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து ராசம்மாவைக் கூப்பிட்டுக்கொள்வார். பதுளைத் தோட்டங்களில் அவள் கண்ணுக்கு ஈடில்லை என்பது அவர் எண்ணம்.

"எத்தனை?"

"பதினேழுங்க தொரே."

எழுதிக்கொண்டார். அவருக்கு நாரை போதும்.

கூட வந்திருந்த வீரய்யா கங்காணிக்குப் போதவில்லை. அவள் பக்கத்தில் வந்து குந்தினார்.

"போன வாரம் தோட்டத்தைவிட்டு ஓடின ரெண்டு பேரும் இந்தப் பக்கம்தான் வந்திருக்காங்க. நாணலுக்குள்ள யாரு?"

"முதலையா இருக்கும்ங்க."

"முதலைக்கு இப்படி எழும்புமா? போன வருசம் நீதானே தொரைக்குச் சொல்லிக் குடுத்தே! இப்ப எனக்கே கதை விடுறியா?"

ராசம்மா விரலை நீட்டினால் போதும். பொழுது சாய்வதற்குள் பிடித்துவிடுவார்கள். தோட்டத்தைவிட்டு ஓடியதற்கு அவனுக்குப் பதுளைச் சிறை. கூட இருப்பவளுக்குப் பிரம்படி.

"பாவம் பாக்குறியா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"பின்னே என்ன? கையைக் காட்டேன்!"

அவள் கைகள் மடியிலேயே இருந்தன.

கங்காணி துரையைத் திரும்பிப் பார்த்தார். துரை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அதட்டலை விட்டு, கங்காணி குரலைத் தாழ்த்தினார்.

"இந்தா ராசம்மா, ஓடினது உன் புருசன். இழுத்துட்டுப் போனது என் பொஞ்சாதியை. எனக்கு ராத்தூக்கம் இல்லை. உனக்குக் கொஞ்சங்கூட வயிறு எரியலையா?"

ராசம்மா நாணலைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்:

"புடிச்சா, ஜெயிலு முடிஞ்சு அவரு எங்கங்க வருவாரு? லயத்துல நான் இருக்குற காம்பிராவுக்குத்தானே? எனக்கு அந்த நாணல்ல ஒண்ணும் தெரியலைங்க."