நேராப் பிடி!

"மாட்டிக்கிச்சு! மாட்டிக்கிச்சு! டீச்சர், சுக்கானை நேராப் பிடி! அசைக்காதே!"

பாய்மரப் படகின் பின்பக்கம் உட்கார்ந்திருந்த பல் டாக்டர் குதிக்காத குறைதான். படகோடு தண்ணீரில் இழுபட்டு வந்த தூண்டில் நரம்பு விறைத்து நின்றது. அவர் மனைவி ஊருக்கெல்லாம் கணக்கு டீச்சர். அதனால் அவருக்கும் டீச்சர். அவள் சுக்கானை நேராகத்தான் பிடித்திருந்தாள். பிறகு, செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து, அதை ஒரு சாண் தள்ளிவிட்டாள்.

படகு திரும்பியது. நரம்பு தொய்ந்தது. மீன் முள்ளை உதறிவிட்டுப் போயே போய்விட்டது.

"போச்சு!" டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நேராப் பிடின்னா ஏன் திருப்பறே? இடது எது வலது எதுன்னு தெரியாத உனக்கு யாரு கணக்கு டீச்சர் வேலை கொடுத்தது?"

"நான் எங்கே திருப்பினேன்? காத்து திருப்பிடுச்சு. நாள் முழுக்க ஊரார் வாயில கை விடறீங்க, ஒரு மீன் வாயில முள்ளை மாட்டத் தெரியலை. என்னைச் சொல்ல வந்துட்டீங்க!"

வாய்தான் இப்படிப் பேசியது. மனசு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தது.

இந்தப் பழைய படகை அவர் வாங்கியபோது டீச்சர் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. பேச்சுவார்த்தையே நின்று, சமையலறைக் கதவு படார் படார் என்று சாத்தப்பட்டு, கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்.

"உங்க ஆசைக்கு ஒரே ஒரு மீன் பிடிங்க. அன்னைக்கே படகை வித்துடணும்."

"சத்தியம்!" என்று அவள் உள்ளங்கையில் ஓங்கி அடித்தார் டாக்டர். நீச்சல்கூடச் சரியாகத் தெரியாத மனுஷனைத் தனியாக அனுப்பப் பயந்து அவளும் கூடவே வந்தாள். வந்தவள் கையில் சுக்கானைக் கொடுத்துவிட்டார்.

வந்த இடத்தில்தான் வம்பு. வாரம் முழுக்க அவருக்குக் கிளினிக், அவளுக்கு விடைத்தாள் கட்டு. வீட்டில் பேசிக்கொள்வது "கேஸை மூடினியா?", "கதவைப் பூட்டினீங்களா?" என்பதோடு சரி. படகில் ஏறினால் அவர் வேறு ஆள். காலேஜில் காப்பியடித்து மாட்டிக்கொண்டது, ஊசியைப் பார்த்ததும் நாற்காலியோடு சாய்ந்த போலீஸ்காரர் என்று வாய் ஓயாது. பாதிக்குமேல் பழைய கதை. அவள் முதல்முறை கேட்பதுபோல் சிரிப்பாள். ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிய காபியை மாறி மாறிக் குடிப்பார்கள். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று ஆகிவிட்டது டீச்சருக்கு. ஆனால் அத்தனை ஆட்டம் ஆடிவிட்டு, "படகு இருந்துட்டுப் போகட்டும்" என்று எந்த முகத்தோடு சொல்வது? அதனால் மீன் மாட்டும்போதெல்லாம் பழி காற்றின் தலையில் விழுந்தது.

"உங்க அண்ணன் நேத்து பல் காட்ட வந்தார்." டாக்டர் மறுபடி தூண்டிலை வீசினார். "நோயாளிங்க முன்னாடியே கேக்கறார், 'என்ன மாப்பிள்ளை, உங்க படகைப் பார்த்தா மீனெல்லாம் டாட்டா காட்டுதாமே'ன்னு. எங்க நர்ஸ் பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டு உள்ளே ஓடுது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? பேசட்டும் விடு."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்குத்தான் சுருக்கென்றது. வெயிலில் கறுத்த அந்தக் கழுத்தையும், நரம்பு அறுத்த விரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரியையும் பார்த்தாள். தன் சந்தோஷத்துக்காக இந்த நல்ல மனுஷனைப் பார்த்து நாலு பேர் சிரிக்கும்படி செய்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அவர் ஆசைப்பட்டது ஒரே ஒரு மீன். படகு போனால் போகட்டும், இன்றைக்கு இவர் தலைநிமிர்ந்து கரையில் இறங்கட்டும் என்று முடிவு செய்தாள். கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் நரம்பு வெடுக்கென்று இழுத்தது.

"மாட்டிக்கிச்சு! டீச்சர், நேராப் பிடி! நேரா!"

இரண்டு கையாலும் சுக்கானை இறுக்கிக்கொண்டாள் அவள். படகு கோடு போட்டதுபோல் போனது.

"இழுங்க! இன்னைக்குக் காத்து திருப்பாது. நல்லா இழுங்க!"

டாக்டர் இழுத்தார். முழங்கை நீளத்துக்கு ஒரு மீன் தண்ணீருக்கு மேலே வந்து துள்ளியது. இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தால் படகுக்குள் வந்துவிடும். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. மீனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது.

"என்ன பண்றே நீ? ஏன் இன்னும் நேராவே பிடிச்சிருக்கே?"

"நீங்கதானே நேராப் பிடின்னு..."

"ஐயோ, நீ திருப்பிடுவேன்னு நம்பித்தானே நான் தைரியமா தூண்டிலே போடறேன்! சீக்கிரம் திருப்பு டீச்சர், இது உள்ளே வந்துட்டா நம்ம படகு போயிடும்!"