கை எட்டாத இடம்

"சட்டையைக் கழற்று, பார்க்கலாம்" என்றாள் டார்லீன்.

சமையலறை நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தான் வெர்னன். முதுகில் ஒட்டியிருந்த சட்டையை அவள் மெல்லப் பிரித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டான்.

"அடப்பாவி! சட்டை இல்லாம என்ன பண்ணிட்டிருந்தே?"

"வேலிக்கு முள்கம்பி இழுத்தேன். ஒரே புழுக்கம்."

"கான்சாஸ் ஜூலை வெயில்ல, அதுவும் உச்சி நேரத்துல! அறுபத்திரண்டு வயசு ஆச்சு, புத்தி மட்டும் வரலே. இதென்ன பிசுபிசுன்னு?"

"வெண்ணெய். எட்டின வரைக்கும் தடவினேன்."

"வெண்ணெய் தடவ இதென்ன ரொட்டியா? சூடு உள்ளேயே தங்கிடும்யா."

"சரி, ரெண்டு ஐஸ் கட்டியாவது வையேன்."

"ஐஸும் கூடாது. புண்ணு பெரிசாயிடும்."

துண்டைக் குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து முதுகில் போர்த்தினாள். வெர்னன் பெருமூச்சு விட்டான்.

"நேத்து ராத்திரி பூரா குப்புறவே படுத்திருந்தேன்."

"அப்பவே என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"நீ தூங்கிட்டிருப்பேன்னு விட்டுட்டேன்."

துண்டை எடுத்தபோதுதான் அவள் கவனித்தாள். தோள்களிலும் விலாவிலும் தோல் வெளுப்பாகவே இருந்தது. நடு முதுகு மட்டும், தட்டு வைத்து வரைந்ததுபோல, சிவந்து கொப்பளித்திருந்தது.

"வெயிலுக்குப் பூசற கிரீம் பூசியிருக்கே."

"பூசினேன். நடுவுல கை எட்டலே."

டார்லீன் ஜன்னலோரத் தொட்டியிலிருந்து கற்றாழை மடல் ஒன்றை ஒடித்து, கொப்புளம் உடையாமல் விரல் நுனியால் தடவினாள். அவன் கண்களை மூடிக்கொண்டான்.

"கொப்புளத்தைக் கிள்ளாதே. தண்ணி நிறையக் குடி. இனிமே பத்து மணிக்குள்ள வேலையை முடி. இல்லேன்னா முழுக்கைச் சட்டை போடு."

"உத்தரவு."

திடீரென்று அவள் விரல் நின்றது.

"இந்த மச்சம் எப்போ இவ்வளவு பெரிசாச்சு?"

"எந்த மச்சம்?"

"தோள்பட்டைக்குக் கீழே. கடுகளவுதான் இருந்தது. இப்ப பட்டாணி அளவு இருக்கு. ஓரமெல்லாம் கறுத்திருக்கு."

"எனக்கென்ன முதுகிலேயா கண்ணு இருக்கு?" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட போறோம். நானும் வர்றேன்."

"வேண்டாம் டார்லீன். நான் பார்த்துக்கறேன்."

"எதைப் பார்த்துப்பே? முதுகையா?"

வெர்னன் தளர்வாகச் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தான். வாசல்வரை போனவன் தயங்கி நின்றான்.

"நீ என்கூட வந்தா உன் புருஷன் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரே?"

"நினைச்சா நினைச்சுக்கட்டும்" என்றாள், பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவனை விவாகரத்து செய்துவிட்டு வந்த டார்லீன். "உன் முதுகைப் பார்க்க வேற யார் இருக்கா?"