பத்துக்கு இரண்டு

புற்றுநோய்க்காக நாக்கில் பாதியை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் தொடைச் சதையை வைத்துத் தைத்திருந்தார்கள். அதை மேலண்ணம்வரை தூக்கவே நாகலிங்கத்துக்கு மூன்று மாதமானது. தினமும் பத்து வார்த்தை சொல்ல வேண்டும், அதில் எத்தனை புரிந்தது என்று வீட்டில் இருப்பவர் எழுத வேண்டும் என்று, பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு நோட்டைக் கொடுத்திருந்தாள். மனைவி பொற்கொடி எழுதினாள். நேற்றும் இரண்டு, முந்தாநாளும் இரண்டு.

முப்பது வருடமாக அவள் வாயைத் திறந்தாலே, "வாயில என்ன கொழுக்கட்டையா? திருத்தமாச் சொல்லுடி" என்று நாலு பேர் முன்னால் அதட்டியவர் அவர்.

இன்று ஐந்தாவது வார்த்தை, தண்ணீர். உண்மையிலேயே அவருக்குத் தாகம். கண்ணை இறுக மூடி, கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னார்.

"புரியலைங்க. இன்னொரு தடவை."

சொன்னார். எச்சில் தாடையில் வழிந்தது.

"ம்ஹும்."

ஏழாவது தடவை அழுதுவிட்டார். கண்ணைத் திறந்தபோது குடத்தின் மூடி விலகிக் கிடந்தது. பொற்கொடியின் கையில் தளும்பத் தளும்ப ஒரு தம்ளர். ஒரு சொட்டும் சிந்தாமல் அதைத் தன் பக்கமாகப் பிடித்துக்கொண்டு, பரிவோடு குனிந்து கேட்டாள்.

"வாயில என்னங்க?"