கோணிப்போன ஜாக்கி

“காலையில ஷெட்டுல விடறதுக்கு, ஜாக்கியைத் தூக்காம டிரெய்லரை இழுத்துட்டேன்ப்பா. என் தப்புதான்.”

அண்ணன் இதைச் சொன்னதும் தங்கை காபி டம்ளரைக் கீழே வைத்தாள். இப்படி ஒரு நாளுக்காக அவள் எத்தனை காலம் காத்திருந்தாள்!

வாசலில் நின்றது அவர்கள் வீட்டுச் சின்ன கேம்பிங் டிரெய்லர். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போவது. கொக்கியைக் கழற்றினால் அதன் மூக்கைத் தாங்குவது முன்பக்க ஜாக்கி ஒன்றுதான். கிளம்பும்போது கைப்பிடியைச் சுற்றி ஜாக்கியின் காலை முழுசாக மேலே ஏற்றிவிட வேண்டும். ஏற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சியாக, அந்தக் கால் இப்போது கோணிக்கொண்டு நின்றது.

அப்பா எட்டிப் பார்த்தார்.

“கவனம் எங்கடா போச்சு? சரி, விடு. ஆம்பளைப் பிள்ளை, பத்து வேலைக்கு நடுவுல மறக்கிறதுதான். புதுசு வாங்கி மாட்டிடு.”

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் இதே வாசலில் இதே அப்பா என்ன சொன்னார்? “முதல் தடவையா தனியா எடுத்துட்டுப் போற. ஒரு கீறல் விழுந்துதுன்னாலும், பொண்ணுங்க மட்டும் ஊர் சுத்தற பேச்சே இனிமே இந்த வீட்டுல கிடையாது.”

அவளும் மூன்று தோழிகளும் ஏரிக்கரைக்குப் போய்விட்டு நேற்று இரவுதான் திரும்பினார்கள். தோழிகளை ஹாஸ்டலில் இறக்கிவிட்டு, காரையும் டிரெய்லரையும் கழற்றாமல் அப்படியே வாசலில் நிறுத்திவிட்டு, அடித்துப் போட்டது போலத் தூங்கினாள். அடுத்த வாரம் மலைக்குப் போவதாக ஏற்பாடு. தோழிகள் இப்போதே பையைக் கட்டிவிட்டார்கள்.

மதியம் அண்ணன் புது ஜாக்கியோடு வந்து உட்கார்ந்தான். அவள் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“உனக்கு இங்க என்ன வேலை, வக்கீலம்மா?”

“வேடிக்கை பார்க்கறேன். நாங்க ஏரிக்கரையில மேடு பள்ளம் அத்தனையும் தாண்டி வந்தோம். ஹாஸ்டல் வாசல் மேட்டுல மட்டும்தான் ஒரு ‘டொக்’. வேகத்தடைன்னு ஒரு மலையைக் கட்டி மஞ்சள் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்காங்க. வார்டன்கிட்ட புகார் எழுதிக் குடுக்கப்போறேன்.”

“குடு” என்றான் அவன், தலை நிமிராமல்.

ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லும் அண்ணன்! அவளுக்குக் குழப்பமாக இருந்தது. இதைவிடக் குழப்பம், அந்தக் கோணல் காலின் அடியில் சாக்குத் துணி சுற்றிக் கட்டியிருந்தான்.

“அதுக்கு எதுக்குக் கட்டு? வலிக்குதாமா?”

“யார் காலையாவது கிழிச்சுடும். நீ பின்னாடி போய்ச் சக்கரத்துக்குக் கட்டை குடு.”

“நான் எதுக்குப் போகணும்? இதே நான் கோணலாக்கியிருந்தா, ‘பொண்ணுங்க கையில வண்டியைக் குடுத்தா இப்படித்தான்’னு அப்பா ஆரம்பிச்சிருப்பார். நீ பண்ணினா ஒரு திட்டோட போச்சு. கேட்டா இந்த வீட்டுல எல்லாரும் சமம்!”

“ஆமா. அதான்.”

“என்ன அதான்?”

அவன் டிரெய்லரின் மூக்குக்கு மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுத்தான். போல்ட்டுகளைக் கழற்றினான். பழைய ஜாக்கியைப் பிடித்து மேலே இழுத்தான். வளைந்த கால் ஓட்டை வழியாக வருவேனா என்றது.

ரம்பத்தை எடுத்து அறுக்க ஆரம்பித்தான். அறுத்துக்கொண்டே பேசினான்.

“மண் தரையில நின்ன ஜாக்கி பாதியிலயே இறுகும். மேல ஏறிடுச்சுன்னு நினைச்சுடக் கூடாது. கொஞ்சம் திருப்பி மறுபடி சுத்தணும். கால் முழுசா உள்ள போச்சான்னு குனிஞ்சு பார்க்கணும்.”

“எனக்கு எதுக்குப் பாடம்? மறந்தது நீ. கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிக்கோ.”

“சரி” என்று அறுப்பதைத் தொடர்ந்தான். உடம்பு ஏதும் சரியில்லையோ என்றுகூடத் தோன்றியது அவளுக்கு.

அறுபட்ட கால் ‘டங்’கென்று விழுந்தது. சாக்கு அவிழ்ந்தது. கால் உருண்டு அவள் செருப்பில் வந்து இடித்தது. அண்ணன் பாய்ந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

அடித்தட்டில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. சுரண்டிய தடமும் இருந்தது. சுரண்டியும் பாதி போகவில்லை.

மஞ்சள் எங்கிருந்து வந்தது? ஷெட்டிலிருந்து வாசல் வரைக்கும் வெறும் சிமெண்ட் தரைதானே?

‘டொக்.’

ஏரிக்கரையில் கைப்பிடி இறுகியதும் அவள் குனிந்து பார்க்கவில்லை.

“அண்ணா…”

“நேத்து நீ தூங்கப் போனப்புறம் கொக்கியைக் கழட்டினேனே, அப்பவே பார்த்துட்டேன்.” அவன் ரம்பத்தைத் துடைத்தான். “எனக்குன்னா ஒரு திட்டோட போயிடும். நீயே சொன்ன.”

வக்கீலம்மா அந்த மஞ்சளை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம்.

“அப்பா வர்றார். அதைத் திருப்பி வை, சீக்கிரம்.”

அவள் திருப்பித்தான் வைத்தாள். மஞ்சள் மேலே தெரியும்படி, அப்பா கால் வைக்கும் படியின் நடுவில்.