எந்த நம்பர்?

“எந்த நம்பர்?”

மாஸ்டர் கேட்டதும் மருந்துக்கடைக்காரிக்குச் சுர்ரென்று ஏறியது.

“என்ன சார் நம்பர்? மிளகாய் சார் இது. பழுத்த மிளகாய்!”

“மிளகாய்னு தெரியுது மேடம். எந்த நம்பர் பென்சில்ல போட்டீங்க?”

செடி, கொடி, பூ, காய் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி வரையச் சொல்லித்தரும் வகுப்பு அது. முதலில் வாட்டர் கலர், அடுத்து எம்பிராய்டரி, கடைசியாகக் கலர் பென்சில். மூன்றுக்கும் ஒரே மாஸ்டர். மூன்றிலும் ஒரே நச்சரிப்பு.

வாட்டர் கலர் வகுப்பில் ஒரு ட்யூபின் பெயர் தண்ணீர் பட்டு அழிந்துவிட்டது என்பதற்காக, பிரிக்காத ட்யூபை அப்படியே குப்பையில் போட்ட மனிதர். எம்பிராய்டரி வகுப்பில், நூல்கண்டைச் சுற்றியிருந்த காகிதத்தைக் கழற்றி எறிந்த, பாங்கில் வேலை பார்க்கும் அம்மாளை அழவைக்காத குறைதான். இத்தனைக்கும் கோட்டிலும் நிழலிலும் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு இலை நரம்பு தப்பாக வளைந்திருந்தால் அறையின் அந்தக் கோடியில் நின்றே கண்டுபிடித்துவிடுவார்.

“நம்பர் இல்ல சார்” என்றாள் மருந்துக்கடைக்காரி.

“இல்லைன்னா?”

“ரெண்டு பக்கமும் சீவிட்டேன். ஒரு பக்கம் கூரா, நரம்பு போட. இன்னொரு பக்கம் மழுங்கலா, உள்ள நிரப்ப. அந்தப் பக்கம்தான் கலர் நம்பர் இருந்துச்சு. சீவினதுல போயிடுச்சு.”

மாஸ்டர் அவளுடைய பென்சில் டப்பாவைத் திறந்தார். அத்தனை பென்சிலும் இருபுறமும் கூராக, முள்ளம்பன்றியைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி கிடந்தன. தலையில் கை வைத்துக்கொண்டார்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தான்.”

பக்கத்து நாற்காலியில் இருந்த பல் டாக்டர் சூரியகாந்தி வரைகிற சாக்கில் குனிந்து சிரித்தார்.

“முதல் நாளே படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? நம்பர் இருக்கிற பக்கம் கை வைக்காதீங்கன்னு. எல்லாம் செவிடன் காதுல ஊதின சங்கு!”

“சார், நாள் பூரா மருந்து டப்பா லேபிளைப் படிச்சுப் படிச்சு அலுத்துப்போய்தான் இங்க வர்றேன். இங்கயும் லேபிளைக் கட்டிக்கிட்டு அழணுமா?”

“நம்பர் தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். அவ்வளவுதான்.”

கையெழுத்து இல்லாத படம் கண்காட்சிச் சுவரில் ஏறாது. கண்காட்சி நாளைக்கு.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வாட்டர் கலரில் போட்ட ரோஜா சேறாகிப் போனது. எம்பிராய்டரியில் போட்ட கொடி ஒரே துவைப்பில் பிரிந்து தொங்கியது. “வரிசையா மூணு வகுப்பு போறே, வீட்டுல மாட்ட ஒண்ணாவது தேறுமா?” என்று கணவன் தினம் ஒரு தடவையாவது கேட்டுவிடுகிறான். அந்த வாயை அடைக்கத்தான் இந்த மிளகாய்க் கிளை. நிஜமாகவே நன்றாக வந்திருந்தது. அந்தத் தைரியத்தில் நாத்தனாரைக் குடும்பத்தோடு வரச்சொல்லித் தொலைத்திருந்தாள். நாளைக்கு எல்லாரையும் கூட்டிவந்து வெறும் சுவரையா காட்டுவது?

வகுப்பு முடிந்தது. பல் டாக்டர், பாங்க் அம்மாள் எல்லாரும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். அவள் மட்டும் நகரவில்லை. படத்தைக் கொண்டுபோய் மாஸ்டரின் மேஜைமேல் வைத்தாள்.

“சார், உங்களுக்கு என்மேல ஏதாவது வன்மமா?”

“சேச்சே, என்னம்மா பேச்சு இது.”

“அப்ப பாத்துச் சொல்லுங்க. கோடு எப்படி இருக்கு?”

“பிரமாதம்.”

“நிழல்?”

“கண்ணுல ஒத்திக்கலாம். பொய் சொல்லக் கூடாது, இந்த வகுப்புலயே இதுதான் நல்ல படம்.”

“அப்புறம் என்ன சார் பிடிவாதம்? நிறம் சரியா தப்பான்னு கண்ணால பாத்துச் சொல்லிட்டுப் போங்களேன். நம்பர் எதுக்கு? செக்குமாடு மாதிரி இதையே சுத்திச் சுத்தி வர்றீங்க! தப்பா இருந்தா தப்புன்னு சொல்லுங்க, இப்பவே கிழிச்சுப் போட்டுட்டுப் போயிடறேன்!”

சொன்னபடியே படத்தை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள்.

“கிழிக்காதீங்கம்மா!”

மாஸ்டர் பதறி எழுந்தார். படத்தை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி மேஜைமேல் வைத்தார். வாசல்வரை போய், வெளியே யாரும் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். எல்லாரையும் விரட்டிய அந்தக் குரல் இப்போது எங்கேயோ உள்ளே போயிருந்தது.

“நான் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டு, நிறம் தப்பா இருந்துச்சுன்னா நாளைக்கு என் குட்டு வெளிப்பட்டுடும்மா. அப்புறம் என்னை நம்பி எவன் படிக்க வருவான்?”

அவள் புரியாமல் விழித்தாள்.

மாஸ்டர் அவளுடைய டப்பாவிலிருந்து இரண்டு பென்சில்களை எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

“பொறந்ததுலேருந்தே எனக்கு ரெண்டும் ஒரே நிறமாத்தான் தெரியும். இதுல சிவப்பு எது, பச்சை எதுன்னு நீங்களே சொல்லிடுங்க... கையெழுத்துப் போட்டுடறேன்.”