மாடிப்படிப் பல்பு

அழைப்பு மணி அடித்ததும் அவள் உடனே ஓடிவிடவில்லை.

குழாயை ஒருமுறை திறந்து மூடி, தலைக்குமேல் வேலை கிடப்பவள் மாதிரி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தாள். பார்க்க ஆளில்லாத வீட்டில் இந்த நடிப்புக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

வாசலில் கீழ்வீட்டுத் தையல்காரம்மா. கழுத்தில் அளவு நாடா, காதோரம் ஒரு நூல் துண்டு.

“ஒலிம்பிக்கு, படிக்கட்டு பல்பு போச்சுடி. எவனாவது இருட்டுல உருண்டு வந்து என் வாசல்லதான் விழுவான்.”

அந்தக் கட்டடத்தில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. அலமாரி உச்சியில் பெட்டி வைக்க வேண்டுமா, ஒலிம்பிக்கைக் கூப்பிடு. மின்விசிறியில் தூசியா, ஒலிம்பிக்கைக் கூப்பிடு. நாட்டுக்காகக் குதித்தவள் நாலு மாடிக்கு ஏணியானாள்.

குதித்தாள் என்றால் சும்மா இல்லை. வாலிபால் அணியில் நடுவில் நிற்கிறவள் அவள். பந்து மேலே எழும்பியதும், தானே அடிக்கப்போவது போல ஓடிவந்து கையை ஓங்கிக் குதிக்க வேண்டும். எதிரணிக்காரிகள் அதை நம்பி அவளோடு எழும்புவார்கள். பந்தோ அவள் தலைக்குப் பின்னால் போய் வேறொருத்தியின் கைக்குச் சேரும். அந்த வேறொருத்தி அடிப்பாள். புள்ளி விழும். கூட்டம் அவள் பெயரைக் கத்தும்.

இவள் வெறுங்காற்றை அடித்துவிட்டுக் கீழே இறங்குவாள்.

அவளுடைய ஒலிம்பிக் படம் பத்திரிகையில் ஒரேயொரு முறை வந்தது. படம் என்றால், முழங்கை. அம்மா அதைக் கண்ணாடி போட்டு மாட்டிவைத்து, வருகிறவர்களிடம், “இந்த முழங்கை எம் பொண்ணுது” என்று காட்டுவாள்.

மாப்பிள்ளை பார்த்த காலத்தில், ஏணி வைத்தாலும் எட்டாது என்று தரகரே ஒதுங்கிக்கொண்டார். அவர் சொன்னது வசதியையா உயரத்தையா என்று கடைசிவரை தெரியவில்லை. பிறகு முட்டி போயிற்று. ஆட்டம் போயிற்று. அம்மாவும் போனாள். மிச்சம் காப்பீட்டு அலுவலக வேலை. காலை நீட்டினால் எதிர்நாற்காலிக்காரரை இடிக்கிற ஒரு மேஜை. சாயங்காலம் இந்த வீடு.

அப்புறம் அந்தப் பல்பு.

மாடிப்படித் திருப்பத்தில் இருக்கும் அந்தப் பல்புக்கு என்னவோ ஆயுசு கம்மி. கட்டடச் சங்கத்துச் செயலாளர் மின்சாரக்காரர்களைத் திட்டினார், கம்பெனியை மாற்றிப் பார்த்தார், ஒன்றுக்கும் மசியவில்லை. யாராவது வந்து மணியடிப்பார்கள். அவள் போய்க் கையை உயர்த்துவாள். வெளிச்சம் வரும். வந்தவர் போகிறபோக்கில் மழையைப் பற்றி, மருமகளைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். அந்த ரெண்டு வார்த்தையை அவள் வாரம் முழுக்க வைத்துச் சாப்பிடுவாள்.

போன மாதம் செயலாளர் ஓர் அலுமினிய ஏணி வாங்கி வந்தார். “இனிமே உங்களுக்குத் தொந்தரவே கிடையாது மேடம்” என்று பதக்கம் அணிவிக்கிறவர் மாதிரிச் சிரித்தார்.

அத்தோடு மணி நின்றுபோனது. கூரியர்காரன் ஒருதடவை அடித்தான். அதுவும் பக்கத்து வீட்டுப் பார்சல்.

“ஏணி வாங்கியாச்சே அக்கா” என்றாள். வாய்தான் சொன்னது. வயிறு, ஐயோ சொல்லாதே என்றது.

“அது கெடக்கு தகரம். ஏறினா ஆடுது. நீ ஆடுவியா?”

“ஆடித்தானேக்கா முட்டி போச்சு.”

தையல்காரம்மா பெரிதாகச் சிரித்தார். மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து அவர் வீட்டில் ரேடியோதான் பெரிதாகக் கேட்கும். சிரிப்பு கேட்டு நாளாகியிருந்தது.

இருவரும் அரைமாடி இறங்கினார்கள். திறந்துகிடந்த அவள் வீட்டுக் கதவிலிருந்து வெளிச்சம் கொஞ்சம் படிகளில் வழிந்தது. முட்டி முனக, நுனிக்காலில் எழும்பிக் கையை உயர்த்தினாள்.

விரல் பட்டதும் பல்பு ஆடியது.

போகவில்லை. தளர்ந்திருந்தது. அரைத் திருகு.

உயர்த்திய கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த அரைத் திருகை அவளுக்குத் தெரியும். ஆள் அரவமில்லாத நேரம் பார்த்து, இத்தனை வருஷமாக அவளே திருகிவைத்துவிட்டு வந்து மணிச்சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே அரைத் திருகு. ஏணி வந்த அன்றே விட்டுவிட்டாள். ஏணி கேட்டு எல்லாரும் செயலாளர் வீட்டு மணியை அடிப்பதற்கு இவள் எதற்குத் திருக வேண்டும்?

இது அவள் செய்ததில்லை.

கையை இறக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். விரல் நுனியில் நீலமாக ஏதோ ஒட்டியிருந்தது. துணியில் வெட்டுக்கோடு போடுகிற சாக்பீஸ் தூள்.

திரும்பினாள். ஐந்தடிகூட இல்லாத தையல்காரம்மா, ஒன்றுமில்லாத சுவரை வெகு மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வலப்பக்கம் திருப்பினால் எரிந்துவிடும். அவள் இடப்பக்கமாகத் திருகி, பல்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“ஆமாக்கா, போயிடுச்சு. புதுசு ஒண்ணு வீட்டுல எங்கேயோ வச்சேன். தேடணும். நேரமாகும்.”

தையல்காரம்மா அதற்குள் மேலே ஏறிப்போய், அவள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.